சிலிண்டருக்குச் சட்டம், ஆளுக்கு வழக்கம்: டைவ் கடையில் காற்று நிரப்பும் முன் என்ன பார்க்கிறார்கள்?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலோ கலிஃபோர்னியாவிலோ காலியான ஸ்கூபா சிலிண்டரை, அதாவது நீருக்கடியில் மூச்சுவிட முதுகில் சுமந்துபோகும் காற்று உருளையை, தூக்கிக்கொண்டு ஒரு டைவ் கடைக்குள் நுழைந்தால், கவுன்ட்டரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கார்டு இருக்கிறதா? ஸ்கூபா பயிற்சியை முடித்ததற்கான அட்டையைக் காட்டினால் காற்று நிரப்பித் தருவார். காட்டாவிட்டால் சிலிண்டர் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

புதியவர்களுக்கு இது எரிச்சலூட்டுகிறது. சிலிண்டர் சொந்தக் காசில் வாங்கியது. கேட்பது வெறும் காற்று. பெட்ரோல் பங்கில்கூட ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொல்வதில்லை, இவர் யார் கேட்பதற்கு? சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கோ குழப்பம் கூடுகிறது. பொழுதுபோக்குக்காக முக்குளிப்பவர் அட்டை வைத்திருக்க வேண்டும் என்றோ, அட்டை இல்லாதவருக்குக் காற்று விற்கக் கூடாது என்றோ அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. கவுன்ட்டரில் வைத்த சிலிண்டரைப் பற்றி மட்டும் அது கறாராகப் பேசுகிறது. ஆளைச் சோதிப்பது வழக்கம், சிலிண்டரைச் சோதிப்பது சட்டம். இது பிடிபட்டால் கடைக்காரர் செய்வதில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

## சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் அல்ல

நம் செய்தித்தாள்கள் ஸ்கூபா விபத்து எதைப் பற்றி எழுதினாலும் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்றே எழுதுகின்றன. சின்னத் தவறாகத் தோன்றலாம், அப்படியில்லை. பொழுதுபோக்கு ஸ்கூபாவில் வழக்கமாக நிரப்புவது நாம் மூச்சுவிடும் இதே காற்றைத்தான்: 21 விழுக்காடு ஆக்சிஜன், 78 விழுக்காடு நைட்ரஜன். ஈரமும் எண்ணெயும் வடிகட்டி, அழுத்தி அடைத்திருப்பார்கள். சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போகிறவருக்கு எந்த நேரமும் வலிப்பு வரலாம். தரையில் வலிப்பு வந்தவர் பிழைத்துக்கொள்வார். நீருக்கடியில் வாயிலிருக்கும் மூச்சுக்கருவி நழுவிவிடும்.

உலகெங்கும் பரவலாகப் புழங்கும் சிலிண்டர், 'அலுமினியம் 80' என்று கடைக்காரர்கள் சொல்லும் வகை. உள்ளளவு 11 லிட்டர் சொச்சம். அதில் 207 பார் அழுத்தத்தில், அதாவது சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில், சுமார் 2,200 லிட்டர் காற்றைத் திணிக்கிறார்கள். கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 90 மடங்கு.

இந்த அழுத்தத்தின் ஆபத்து இரண்டு இடங்களில் காத்திருக்கிறது. ஒன்று கடைக்குள்: நிரப்பும்போது சிலிண்டர் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. மற்றொன்று நீருக்குள், நுரையீரலில்.

இரண்டாவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கார்டு கேட்பதன் மூல காரணம் அங்கேதான் இருக்கிறது. முத்துக்குளிப்பவர் மேலே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்குகிறார். கீழே போகப்போக அந்தக் காற்று சுருங்குகிறது. மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறது, அதற்கு மேல் விரிவதில்லை. ஸ்கூபாவில் கணக்கே வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து 6 லிட்டர் காற்றை நுரையீரல் நிறைய இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். அவ்வளவு இடம் நெஞ்சுக்குள் இல்லை. நுரையீரல் திசு கிழிந்து, குமிழ்கள் இரத்தத்தில் புகுந்து மூளைவரை போகும். இதற்குப் பெரிய ஆழமும் தேவையில்லை. நீச்சல் குளத்தின் ஆழப் பகுதியே போதும்.

நன்றாக நீந்தத் தெரிந்தவருக்குத்தான் இது கூடுதல் ஆபத்து. பயந்தால் மூச்சை அடக்கு, மேலே வா என்று அவர் உடம்பு பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் ஸ்கூபா வகுப்பின் முதல் பாடம்: மூச்சை ஒருபோதும் அடக்காதே. கவுன்ட்டரில் கேட்கும் கார்டு, இந்தப் பாடத்தை யாரோ இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கான சான்று.

## கார்டு எங்கிருந்து வந்தது?

ஜாக் கூஸ்டோவும் எமில் கான்யானும் 1943-இல் பிரான்சில் உருவாக்கிய மூச்சுக்கருவி சில ஆண்டுகளில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் தாமாகவே கற்றுக்கொண்டு கடலில் இறங்கினார்கள். சிலர் திரும்பி வரவில்லை. 1954-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டி நிர்வாகம் பயிற்றுநர்களை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1960-இல் நாவி (NAUI), 1966-இல் பாடி (PADI), 1970-இல் எஸ்எஸ்ஐ (SSI) என்று பயிற்சி அமைப்புகள் வந்தன. இவை அரசுத் துறைகள் அல்ல. பாடத்திட்டம் வகுத்து, பயிற்றுநர்களைத் தேர்ந்து, தேறியவர்களுக்கு அட்டை தரும் தனியார் அமைப்புகள்.

ஆகவே கார்டை 'லைசென்ஸ்' என்று சொல்வது பேச்சு வழக்கில் சரி, பொருளில் சரியல்ல. ஓட்டுநர் உரிமத்தை அரசு தருகிறது, பறிக்கவும் செய்கிறது. ஸ்கூபா கார்டு, இன்ன நாளில் இன்ன பயிற்றுநரிடம் இன்ன நிலைவரை பயின்றார் என்று சொல்லும் பள்ளிச் சான்றிதழ் போன்றது. பெரும்பாலான அமைப்புகளின் அடிப்படைக் கார்டு காலாவதி ஆவதில்லை. 1985-இல் வாங்கிய அட்டையும் இன்று செல்லும், இடையில் அவர் தண்ணீரையே தொடாமல் இருந்திருந்தாலும்.

அமைப்புகள் பல என்றாலும் அடிப்படை நிலை ஏறத்தாழ ஒன்றுதான். ஐஎஸ்ஓ 24801-2 என்ற சர்வதேசத் தரம் 'தானாக முக்குளிக்கத் தகுதி பெற்றவர்' யார் என்று வரையறுக்கிறது. பாடியின் 'ஓப்பன் வாட்டர்' அட்டை அந்த நிலையைச் சேர்ந்தது. 18 மீட்டர் ஆழம்வரை, துணையோடு, பயிற்றுநர் உடனில்லாமல் போகலாம்.

## கவுன்ட்டரில் நடப்பது

வரிசை கடைக்குக் கடை மாறும். பொதுவாக நடப்பது இது:

1. அட்டையைப் பார்க்கிறார்கள். பெயர், படம், பிறந்த தேதி, பயிற்சி நிலை, பயிற்றுநர் எண். படம் பழையதாக இருந்தால் வேறொரு அடையாள அட்டையும் கேட்பார்கள். இப்போது பலர் கைப்பேசியில்தான் காட்டுகிறார்கள்.

2. அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்களுக்கு வழி இருக்கிறது. பயிற்சி அமைப்பின் இணையப் பதிவேட்டில் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேடிப் பார்க்கிறார்கள். பழைய காலத்து அட்டைகள், மூடப்பட்ட அமைப்புகளின் அட்டைகள் இதில் சிக்காமல் போவதுண்டு. அப்போது கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்து முடிவெடுப்பார். தெரிந்தவரா, தெரிந்ததுபோல் பேசுகிறவரா என்பது இரண்டாவது கேள்விக்குள் வெளுத்துவிடும்.

3. தெரிந்த வாடிக்கையாளர் என்றால் முதல் தடவையோடு சரி. கணக்கில் குறித்துவைத்துவிடுவார்கள்.

4. பிறகு சிலிண்டரைத் திருப்பிக் கழுத்தைப் பார்க்கிறார்கள்.

நான்காவது வேலைதான் உண்மையில் நேரம் எடுத்துக்கொள்வது. சிலிண்டரின் தோள்பட்டையில் உலோகத்திலேயே பொறித்த எழுத்துகள் இருக்கும். டிஓடி என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம். அதையடுத்து 3ஏஎல் என்றிருந்தால் அலுமினியம், 3ஏஏ என்றிருந்தால் எஃகு. பிறகு 3000 என்ற வேலை அழுத்தம், வரிசை எண். கடைசியாக ஒரு மாதம், ஒரு ஆண்டு, இரண்டுக்கும் நடுவில் சதுரமாக அடுக்கிய நான்கு குறிகள். அந்தச் சதுரம், சோதனை செய்த நிலையத்தின் பதிவு எண். தேதி ஐந்து ஆண்டுகளுக்கு முந்தையதாக இருந்தால் நிரப்பமாட்டார்கள்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்தச் சோதனையில் சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல மூன்றில் ஐந்து பங்குக்கு ஏற்றுகிறார்கள், 3,000-க்கு 5,000. சிலிண்டர் எவ்வளவு உப்புகிறது, அழுத்தத்தை இறக்கியதும் எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அளக்கிறார்கள். மொத்த உப்பலில் 10 விழுக்காட்டுக்கு மேல் திரும்பாமல் தங்கிவிட்டால் சிலிண்டர் கழிந்தது. காற்றை வைத்துச் சோதிக்காமல் தண்ணீரை வைத்துச் சோதிப்பதற்குக் காரணம் எளிது. தண்ணீர் அழுந்துவதில்லை, ஆகவே உடைந்தாலும் வெடிப்பதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சட்டம் தடுப்பது, கெடு கடந்த சிலிண்டரை நிரப்பி வண்டியில் ஏற்றுவதை. கெடுவுக்கு முன்பே நிரப்பி வைத்திருந்தால், அது காலியாகும்வரை பயன்படுத்தலாம்.

உள்ளே துரு, குழி, மரையில் விரிசல் இருக்கிறதா என்று வால்வைக் கழற்றி விளக்குப் போட்டுப் பார்க்கும் ஆண்டுச் சோதனை வேறு. அதற்கான ஸ்டிக்கர் சிலிண்டரின் வயிற்றில் ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கர் இல்லாவிட்டாலும் கடைகள் நிரப்புவதில்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறை என்பது சட்டமல்ல, தொழிலின் வழக்கம். கார்டைப் போலவே.

பழைய அலுமினிய சிலிண்டர்களிடம் கடைக்காரர்களுக்குத் தனிப் பயம் உண்டு. 1980களின் பிற்பகுதிவரை 6351 என்ற கலவையில் செய்த சிலிண்டர்களில், ஆண்டுக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கிக் கழுத்தில் விரிசல் விடுவது தெரியவந்தது. சில நிரப்பும்போதே வெடித்தன. மின்சுழல் கருவியால் விரிசலைக் கண்டுபிடிக்க முடியும். சட்டப்படி அந்தச் சோதனையில் தேறியது நிரப்பத் தகுந்ததுதான். இருந்தாலும் "தேறியிருக்கலாம், என் கடையில் வேண்டாம்" என்பவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குழாயை மாட்டி வால்வைத் திறக்கும் கை அவர்களுடையது.

## நைட்ராக்ஸ் கேட்டால் கதை வேறு

காற்றுக்குக் கார்டு கேட்பதில் ஓரளவு தளர்வு இருக்கலாம். நைட்ராக்ஸுக்கு இருக்காது.

நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் கூட்டிய காற்று. பெரும்பாலும் 32 அல்லது 36 விழுக்காடு. நைட்ரஜன் குறைவதால் உடம்பில் அது சேர்வதும் குறைகிறது. கீழே இருக்கும் நேரத்துக்கு எல்லை போடுவது அந்தச் சேர்க்கைதான், ஆகவே அதிக நேரம் இருக்கலாம். விலை ஆழத்தில் கொடுக்க வேண்டும். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, 1.4 வளிமண்டலத்தைத் (மேற்பரப்பில் காற்றின் அழுத்தம் 1 வளிமண்டலம்) தாண்டக் கூடாது என்பது பொது விதி, 1.6 கடைசி எல்லை. 40 மீட்டரில் மொத்த அழுத்தம் 5 வளிமண்டலம். அங்கே சாதாரணக் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 1.05, கவலையில்லை. 32 விழுக்காட்டில் அது 1.6, விளிம்பு. 36 விழுக்காட்டில் 1.8. வலிப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, முன்னறிவிப்பும் பெரும்பாலும் இருக்காது. சிலிண்டரை வெளியே பார்த்தும், உள்ளிருப்பதை முகர்ந்தும் எத்தனை விழுக்காடு என்று கண்டுபிடிக்க முடியாது.

அதனால் ஓப்பன் வாட்டர் அட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு நைட்ராக்ஸ் கிடைக்காது. தனிப் பயிற்சி அட்டை வேண்டும். நிரப்பிய பிறகும் சிலிண்டரைச் சும்மா தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆக்சிஜன் அளவியை வால்வில் பிடித்து, வாங்குபவரே எண்ணைப் படிக்க வேண்டும். 32 விழுக்காடு, அதிகபட்ச ஆழம் 33 மீட்டர், தேதி, பெயர் என்று பட்டையில் எழுதிச் சிலிண்டரில் ஒட்ட வேண்டும். பிறகு கடையின் பதிவேட்டில் சிலிண்டர் எண், விழுக்காடு, ஆழம், கார்டு எண் எல்லாம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். விபத்து நடந்தால் விசாரணைக்கு அந்த ஒரு வரி பெரிய ஆவணம்.

## சட்டம் இல்லாமல் வழக்கம் எப்படி நிற்கிறது?

1. பொறுப்பு வழக்கு. பயிற்சி இல்லாதவருக்குக் காற்று விற்று அவர் இறந்தால், 'ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே' என்று குடும்பத்தின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கேட்பார். ஊரில் எல்லாக் கடைகளும் கார்டு கேட்கும்போது கேட்காத கடை தனித்துத் தெரியும்.

2. காப்பீடு. அந்த வழக்குக்குப் பயந்துதான் கடை பாலிசி எடுக்கிறது. பாலிசி கொடுப்பவர், தொழில் நடைமுறைகளைக் கடை பின்பற்றுகிறதா என்று பார்க்கிறார்.

3. தொழிலின் சொந்த நலன். கார்டு கேட்டால் வகுப்பும் விற்கும். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. காற்று நிரப்பும் காசில் எந்தக் கடையும் பிழைப்பதில்லை; வகுப்பும் கருவி விற்பனையும்தான் வருமானம். கூடவே, தொழிலே தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டால் அரசு உள்ளே வராது என்ற கணக்கும் தொடக்கத்திலிருந்தே உண்டு.

எல்லா நாடும் இப்படி விட்டுவிடவில்லை. இஸ்ரேலில் 1979-இலேயே பொழுதுபோக்கு முக்குளிப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. அங்கே அட்டையும் காப்பீடும் சட்டத் தேவை. கனடாவின் கியூபெக் மாகாணமும் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இந்தியாவில் இந்தக் காட்சியே அரிது. சிலிண்டரை நிரப்புவதும் வைத்திருப்பதும் 2016-ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளுக்குள் வருகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (PESO) என்ற மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு மேற்பார்வை செய்கிறது. ஆனால் அந்தமானின் ஹேவ்லாக்கிலோ புதுச்சேரியிலோ டைவிங் போகிறவர் சிலிண்டர் வாங்கி வீட்டில் வைத்திருப்பதில்லை. கடையே தன் சிலிண்டரைத் தன் கம்ப்ரசரில் நிரப்பிப் படகில் ஏற்றுகிறது. ஆகவே கார்டு கேட்கும் இடம் முன்பதிவு மேசைக்கு மாறிவிடுகிறது. கார்டு இல்லாதவரும் பயிற்றுநரின் கைப்பிடியில் ஓர் அறிமுக முழுக்குப் போடலாம். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். சிலிண்டரோ கம்ப்ரசர் குழாயோ, அவர்களுக்குக் காற்று தருபவர் கார்டு கேட்பதில்லை.

## சோதனையில் உள்ள ஓட்டைகள்

கார்டு சொல்லாதவை பல. கடைசியாக எப்போது நீரில் இறங்கினார், இதயம் எப்படி இருக்கிறது, எங்கே போகப்போகிறார் என்றெல்லாம் அதில் இல்லை. காற்று நிரப்புபவர் கேட்பதும் இல்லை. 18 மீட்டருக்குப் பயின்றவர் வாங்கும் காற்றும் 40 மீட்டருக்குப் பயின்றவர் வாங்கும் காற்றும் ஒரே காற்று.

ஃபுளோரிடாவின் நீர் நிறைந்த ஊற்றுக் குகைகள் இதற்கு வேறு விதமாக விடை கண்டிருக்கின்றன. ஜின்னி ஸ்பிரிங்ஸில் டெவில்ஸ் ஊற்றுகளுக்குள் இறங்கும் சாதாரணக் கார்டுக்காரர் டார்ச் விளக்கு எடுத்துப்போகக் கூடாது. விளக்கு இருந்தால் குகைக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றும். இருட்டாக இருந்தால் தோன்றாது. வோர்ட்டெக்ஸ் ஸ்பிரிங்கில் குகையின் உட்பகுதிக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். குகைப் பயிற்சிக் கார்டைக் காட்டினால்தான் சாவி. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கேயே கேட்கும் கேள்வி என்பதால், காற்றுக் கவுன்ட்டரைவிட இது பொருத்தமான இடம் என்றே தோன்றுகிறது.

இன்னொரு ஓட்டை, முக்குளிக்காதவர்கள் வழியாக வருகிறது. பெயின்ட்பால் விளையாடுகிறவர்களும் காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் தங்கள் சிறு உருளைகளை நிரப்ப ஒரு ஸ்கூபா சிலிண்டரை வீட்டில் வைத்துக்கொள்வதுண்டு. இவர்களிடம் கார்டு கேட்டுப் பயனில்லை. மூச்சுவிடுவதற்கல்ல என்று சிலிண்டரில் எழுதி ஒட்டினால் நிரப்பித் தரும் கடைகள் இருக்கின்றன. ஒட்டியதை வீட்டில் கிழித்துவிட்டால் யார் பார்ப்பது?

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொருளாதார உண்மை இருந்தது. 200 பார் அழுத்தத்துக்குச் சுத்தமான காற்றை ஏற்றும் கம்ப்ரசர் விலை கூடியது, பராமரிப்பும் கூடியது. அது கடையில் மட்டுமே இருந்தவரை, காற்று வேண்டிய ஒவ்வொருவரும் அந்தக் கவுன்ட்டரைக் கடந்தாக வேண்டும். இப்போது இணையக் கடைகளில் அரை லிட்டர் உள்ளளவுள்ள குட்டி சிலிண்டரும், கூடவே கையால் அடித்து 200 பார்வரை ஏற்றும் பம்பும் கிடைக்கின்றன. வாங்க எந்தக் கார்டும் வேண்டாம்.

அரை லிட்டரை 200-ஆல் பெருக்கினால் 100 லிட்டர். நிதானமாக மூச்சுவிடுகிறவர் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் இழுப்பார். மேற்பரப்பில் ஐந்தாறு நிமிடம், 10 மீட்டரில் அதில் பாதி. படபடப்பில் அதுவும் இல்லை. காற்று திடீரென்று நின்றதும் பயிற்சி இல்லாதவர் செய்வது, கடைசி மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது. நுரையீரலுக்குப் பெரிய சிலிண்டர், சின்ன சிலிண்டர் வித்தியாசம் தெரியாது.

கையால் அடித்து அலுத்தவர்களில் சிலர் அந்தக் குட்டி சிலிண்டரை டைவ் கடைக்கே கொண்டுவருகிறார்கள். கடைக்காரர் வாங்கி, திருப்பி, கழுத்தைப் பார்க்கிறார். டிஓடி முத்திரை இல்லை என்றால் அங்கேயே பேச்சு முடிந்துவிடுகிறது. கார்டு கேட்கும் கட்டமே வருவதில்லை. வந்தவர் வீட்டுக்குத் திரும்பி மறுபடி பம்பை எடுக்கிறார்.